பிணை அவனுக்கும் உரிமைதான்

பதினேழு வயசுப் பையன் ஏதாவது பெரிய வழக்கில் சிக்கினால் உடனே, "வயசு வரம்பைக் குறைங்க, பெரியவங்களோட ஜெயில்ல போடுங்க" என்று எழுதுகிறோம். அந்தக் கோபம் ஏற்கெனவே சட்டமாகிவிட்டது. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக் கொலை வழக்கின் சிறுவன் 2015 டிசம்பர் 20 அன்று வெளியே வந்தான். இரண்டே நாளில் மாநிலங்களவை புதிய இளைஞர் நீதிச் சட்டத்தை நிறைவேற்றியது. கொடுங்குற்ற வழக்கில் 16 வயது நிரம்பியவனை, முதல்கட்ட மதிப்பீட்டுக்குப் பிறகு, பெரியவனைப் போல விசாரிக்க அதில் வழி இருக்கிறது. கடுமைக்குக் குறைவில்லை.

2024 மே மாதம் புனேயில் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் செத்துப்போனார்கள். ஓட்டியதாகச் சொல்லப்பட்ட 17 வயதுப் பையனுக்கு அன்றைக்கே பிணை. நிபந்தனை, சாலை விபத்து பற்றி 300 வார்த்தைக் கட்டுரை. எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், பிணை கொடுத்தது சட்டப்படி சரிதான். பிணையில் விட முடியாத குற்றமானாலும் சிறுவனுக்குப் பிணை கொடு, விட்டால் அவனுக்கு ஆபத்து அல்லது நீதிக்குக் கேடு என்றால் மட்டும் காரணம் எழுதி மறு என்கிறது அதே சட்டத்தின் 12ஆவது பிரிவு.

இந்தப் பிரிவு ஏழை வீட்டுப் பையனுக்கும் அதே வேகத்தில் ஏன் வேலை செய்வதில்லை?

2022 டிசம்பர் கடைசியில் தாம்பரத்தில் பேட்டரி திருடியதாக ஒரு பையனைப் பிடித்தார்கள். அவனுக்கும் 17 வயதுதான். வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். வருடம் முடிவதற்குள் பிணமானான். அடித்துக் கொன்றதாக, கண்காணிப்பாளர் உட்பட ஆறு ஊழியர்கள் கைதானார்கள். பிறகு, இந்த இல்லங்களை ஆராய நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு வந்தது. அந்த அம்மாவுக்குப் பிள்ளை வரவில்லை.

இத்தனைக்கும் அந்தச் சட்டத்துக்காக 2016இல் வந்த மாதிரி விதிகள் தெளிவாக இருக்கின்றன. கொடுங்குற்றமாக இல்லாவிட்டால், அவன் நலனுக்குத் தேவைப்பட்டால் தவிர, சிறுவனைப் பிடித்து வைக்கவே கூடாது. நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு, குடும்பப் பின்னணி அறிக்கையோடு, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பினால் போதும்.

பணக்கார வீட்டுக்கு வக்கீல் ஓடி வருகிறார். கூலி வேலைக்குப் போகும் தாய்க்குக் குழுமம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஜாமீன் போட ஆளும் கிடையாது. நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஒரு பிள்ளை ஏழு நாள் உள்ளே இருந்தால், அவனைத் திரும்பக் குழுமத்தின் முன் நிறுத்தி நிபந்தனையைத் தளர்த்தவும் சட்டம் வழி சொல்கிறது. அதை அந்தத் தாயிடம் யார் போய்ச் சொல்வது?

முதல் நாளே இலவச சட்ட உதவி வக்கீல் பக்கத்தில் நிற்க வேண்டும். நன்னடத்தை அலுவலர் அந்த வீட்டுக்கு நேரில் போய் அறிக்கை எழுத வேண்டும். பிணை கிடைத்தும் ஏழு நாளைத் தாண்டி உள்ளே இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு மாவட்டமும் மாதாமாதம் வெளியிட வேண்டும். பெயர் வேண்டாம், அதை 74ஆவது பிரிவு தடுக்கிறது. எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.