குறுக்கு வழியாம்ல!

அந்த அலும்னி மீட் வீடியோவ எல்லாரும் பாத்துட்டீங்க, பாதி பேரு எனக்கே அனுப்பியும் விட்டீங்க, ரொம்ப நன்றி. "லேட்டரல் என்ட்ரி பசங்க குறுக்கு வழில வர்றாங்க, பேசிக்ஸ் இருக்காது"ன்னு மைக்க பிடிச்சு ஒரு பெரிய மனுசன் பேசுறாரு, கீழ கை தட்டுறாய்ங்க. தட்டுனதுல எங்க பேட்ச் பயலுகளும் இருக்காய்ங்க.

சார், சின்னக் கணக்குதான். பத்தாவதுக்கு அப்பறம் நீங்க பிளஸ் டூ ரெண்டு வருஷம், பி.இ. நாலு வருஷம். லேட்டரல் என்ட்ரி பசங்க நாங்க டிப்ளமோ மூணு, அப்பறம் பி.இ.ல நேரா செகண்ட் இயர்ல சேந்து இன்னொரு மூணு. உங்களுக்கும் ஆறு, எங்களுக்கும் ஆறு. இதுல குறுக்கு வழி எங்க சார் இருக்கு?

நான் ஒண்ணும் ஆசப்பட்டு பாலிடெக்னிக் போகல. மூணு வருஷத்துல கப்பலூர் பக்கம் ஏதாச்சும் கம்பெனில ஏறிக்கலாம்னு எங்கப்பா சேத்து விட்டாரு. அப்பறம் மார்க் நல்லா வரவும் காரைக்குடி கவுன்சிலிங் போயி சீட்ட வாங்கிட்டு, உசிலம்பட்டி பஸ்ல ஏறி இறங்கி படிச்சவன். கிளாஸுக்குள்ள போனா எல்லாரும் ஏற்கனவே கேங்கா செட்டாயிட்டாய்ங்க, போர்டுல எம் த்ரீ, அதாவது மூணாவது மேத்ஸ் பேப்பர், ஃபூரியர் சீரிஸ் ஓடுது, ஃபர்ஸ்ட் இயர்ல வர்ற எம் ஒன், எம் டூ எதையும் நாங்க பாத்ததே இல்ல.

"எம் த்ரீல அரியர் வைக்கிறது யாரு?"ன்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். வைக்கிறோம். எம் ஒன் அரியர ஃபைனல் இயர் வரைக்கும் தூக்கிட்டு வந்த ரெகுலர் மாப்ளைங்க பேர நான் சொல்லல, நட்பு முக்கியம்.

அதே செமஸ்டர்ல லேத் லேப், இரும்ப சுத்த விட்டு செதுக்குற மெஷின். டேப்பர் டர்னிங்குக்கு, அதாவது கூம்பு மாதிரி சரிவா செதுக்குறதுக்கு, ரெண்டு முனை டயாமீட்டரையும் கழிச்சு, ரெண்டு மடங்கு நீளத்தால வகுத்து, டேன் இன்வர்ஸ் போட்டு, அந்த ஆங்கிளுக்கு டூல் உக்காந்துருக்க காம்பவுண்ட் ரெஸ்ட்ட திருப்பணும். அத ரெக்கார்டுல அழகா எழுதுன ஒருத்தன், இரும்ப பிடிச்சு சுத்துற சக்க முறுக்குற சாவிய, அந்த சக் கீய, சக்குலயே விட்டுட்டு மெஷின ஆன் பண்ணப் போனான். கைய பிடிச்சு இழுத்தது பேசிக்ஸ் இல்லாத நான்தான் சார். அது சுத்தி மூஞ்சில அடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு அவன் வீட்டுல கேட்டுப் பாருங்க.

அன்னைக்கு சாயங்காலம் அவனே வந்து பேசுனான். அதுவரைக்கும் வாயத் தெறந்தா இங்கிலீஷ் தெரியாதுன்னு சிரிப்பாய்ங்கன்னு கம்முனு கெடந்தவன், அவன்கிட்டதான் மொதல் தடவையா பார்ஷியல் டிஃபரன்சியேசன்னா என்னடான்னு கேட்டேன். அவனும் சிரிக்கல. அதுக்கப்பறம் வைவால தெரியலன்னா தெரியல சார்னு சொல்ல வந்துச்சு, தெரிஞ்சத தமிழ்ல ஆரம்பிச்சு பாதி இங்கிலீஷ்ல முடிக்க வந்துச்சு. காலேஜ் எனக்கு குடுத்தது டிகிரிய விட இதுதான்னு நான் நெனைக்கிறேன், ஆனா இதெல்லாம் மேடைல பேசுனா யாரு கை தட்டுவா.

"உனக்கு ஏன்டா எரியுது, பொதுவா சொன்னாரு"ன்னு ஒரு அண்ணன் மெசேஜ் போட்டுருக்காரு. பொதுவா சொன்னாத்தாண்ணே எரியும். பிளேஸ்மெண்ட் ஃபார்ம்ல பிளஸ் டூ மார்க்குக்கு மட்டும் கட்டம் போட்டு டிப்ளமோக்கு எடமே இல்லாம நின்னுருக்கீங்களா நீங்க? அப்பவும் பொதுவாத்தான் போட்டுருந்தாய்ங்க.

போகட்டும். இந்த வருஷம் லேட்டரல்ல சேந்துருக்க தம்பி, தங்கச்சிங்க யாராச்சும் இத படிச்சீங்கன்னா, ஃபூரியர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இன்டக்ரேஷன்ல ரெண்டு ஃபங்ஷன் பெருக்கல்ல வந்தா போடுற பெர்னூலி ஃபார்முலாவ நல்லா போட்டுப் பழகிக்கங்க, பாதி சம் அதுலயே ஓடிரும். டவுட்னா இன்பாக்ஸ் வாங்க, ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி பத்துக்கு மேல ஃப்ரீதான்.