அடுத்தவன் சாக்கடைக்கு நான் ஏன் காசு கட்டணும்?

ஞாயிற்றுக்கிழமை பாட்லக்கில் (ஆளுக்கொரு சமையல் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் விருந்து) நடந்ததற்கு ஆளுக்கொரு கதை கட்டிவிட்டீர்கள். நான் கத்தினேனாம், சாப்பிடாமலே கிளம்பினேனாம். சாப்பிட்டுத்தான் கிளம்பினேன், தயிர்சாதம் அருமை. மற்றபடி அங்கே இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும்.

அமெரிக்காவில் அட்லாண்டாவை ஒட்டிய டிகால்ப் கவுண்ட்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) தண்ணீர், சாக்கடைக் கட்டணத்தை வருஷத்துக்கு 10 சதவீதம் வீதம் பத்து வருஷத்துக்கு ஏற்ற 2025 பிப்ரவரியில் கமிஷனர்கள் (ஓட்டுப் போட்டு நாம் தேர்ந்தெடுத்தவர்கள்) ஒப்புதல் கொடுத்தார்கள். ஏற்றத்தின் மேல் ஏற்றம் என்பதால் ஏற்றத்துக்கு முன் 100 டாலராக இருந்த பில் கடைசியில் 259 டாலரில் போய் நிற்கும். அதைத் திட்டியிருந்தால் நானும் கூடச் சேர்ந்து திட்டியிருப்பேன். ஆனால் பாட்லக்கில் ஒரு அண்ணன் சொன்னது வேறு. "சவுத் டிகால்ப்காரன் சாக்கடைக்கு நான் ஏன் காசு கட்டணும்? பேசாம பிரைவேட்காரன்கிட்ட கொடுத்துட்டுப் போங்க." சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கோபம் வந்தது அந்தத் தலையாட்டலைப் பார்த்துத்தான்.

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக் கழிவு உங்கள் தெருவிலேயேவா நிற்கிறது? டிகால்பின் வடக்குப் பக்கத்துக் கழிவில் ஒரு பங்கு அட்லாண்டா நகரத்தின் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மற்றது தெற்கே ஸ்னாப்ஃபிங்கர், போல் பிரிட்ஜ் நிலையங்களுக்குப் போய், அங்கிருந்து சவுத் ரிவரில் கலக்கிறது. எப்படிப் பார்த்தாலும் அது இன்னொருவர் வீட்டுப் பக்கம்தான் போகிறது. யார் யாருடைய சாக்கடைக்குக் காசு கட்டுகிறார்கள் அண்ணா?

குழாய் உளுத்துப் போனது சவுத் டிகால்ப்காரரால் இல்லை. மண்ணுக்கு அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, அதற்குக் காசு கேட்டால் ஓட்டும் விழாது. அதனால் தலைமுறைக் கணக்கில் தள்ளிப்போட்டார்கள். கழிவு ஓடைகளில் வழிந்தது. 2010 டிசம்பரில் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான இ.பி.ஏ.வும் ஜார்ஜியா மாநிலமும் கவுண்ட்டியைக் கோர்ட்டுக்கு இழுத்து ஒப்பந்தம் போட்டன. 2020 ஜூனுக்குள் சரிசெய்திருக்க வேண்டும். முடியவில்லை, கெடு 2027க்குத் தள்ளிப்போயிற்று. அந்தக் கெடுவும் முன்னுரிமைப் பகுதிகளுக்கு மட்டும். விடுபட்டதில் பெரும்பங்கு கறுப்பின மக்கள் வாழும் தெற்கு என்று சொல்லி, ஆற்றைக் காக்கும் அமைப்பு ஒன்று 2019இல் வழக்குப் போட்டது. தள்ளுபடி ஆனது. அந்த மக்களைப் பார்த்துத்தான் 'அவன் சாக்கடை' என்கிறோம், பேப்பர் பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாக்கடை அடைத்து வழிவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று சமையல் எண்ணெய். சூடாக இருக்கும்போது ஓடும், குழாய்க்குள் போய் உறைந்து கட்டியாகும். அன்று பஜ்ஜி சுட்ட எண்ணெய் எந்த சிங்க்கில் போயிற்று என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை.

"பிராப்பர்ட்டி டாக்ஸ்தான் கட்டுறோமே அக்கா" என்கிறார் ஒரு தம்பி. தம்பி, அது வேறு கணக்கு. தண்ணீர்த் துறை ஓடுவது பில் பணத்தில். குழாய் போடப் பத்திரம் விற்றுக் கடன் வாங்குவார்கள், அதையும் பில் பணத்தில்தான் அடைப்பார்கள். 5,000 மைலுக்கு மேல் குழாய் இருக்கிறது. 2018 மார்ச்சில் பியூஃபர்ட் ஹைவேயில் 48 இஞ்ச் குழாய் ஒன்று உடைந்ததற்கே கவுண்ட்டி முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். அன்றைக்கு வாட்ஸ்ஆப்பில் "எந்தக் கடையில் தண்ணி பாட்டில் இருக்கு" என்று கேட்டவர்கள்தான் இன்று கணக்குக் கேட்கிறார்கள். கேளுங்கள், நல்லதுதான். கவுண்ட்டி கூட்டத்துக்குப் போய்க் கேளுங்கள்.

அடுத்து பிரைவேட். இது என்னவோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி! பக்கத்து அட்லாண்டா நகரம் 1999இல் யுனைடெட் வாட்டர் கம்பெனியிடம் இருபது வருஷ ஒப்பந்தத்தில் தண்ணீரை ஒப்படைத்தது. குழாயில் பழுப்புத் தண்ணீர், காய்ச்சிக் குடியுங்கள் என்ற அறிவிப்பு, ஆள்குறைப்பு என்று எல்லாம் பார்த்துவிட்டு 2003இல் திருப்பி வாங்கிக்கொண்டது. இருபது வருஷம் நாலு வருஷத்தில் முடிந்தது. இதைச் சொன்னதும் பேச்சு உடனே கிரிக்கெட்டுக்கு மாறியது.

பக்கத்துக் குவின்னட் கவுண்ட்டியில் தண்ணீரை நடத்துவதும் கவுண்ட்டிதான். கழிவை லேக் லேனியரிலேயே திருப்பி விடும் அளவுக்குச் சுத்தம் செய்கிறார்கள். அந்த ஏரியிலிருந்துதான் குடிக்கவும் எடுக்கிறார்கள். அப்படியென்றால் கவுண்ட்டி நடத்துவதால் கெட்டுப்போகிறது என்ற வாதம் எங்கே நிற்கிறது?

அலபாமாவைக் காட்டுவீர்கள், தெரியும். ஜெஃபர்சன் கவுண்ட்டி சாக்கடைக் கடனில் மூழ்கி 2011இல் திவாலானது, லஞ்சம் வாங்கியவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். உண்மை. அந்தக் கடன் சூதாட்டத்தை விற்றது யார்? ஜே.பி. மார்கன் வங்கி. 2009இல் 722 மில்லியன் டாலர் கணக்குக்கு சமரசம் பேசியது. பிரைவேட்தானே? அதற்கு மேல் இதில் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

எங்கள் சென்னைத் தெருவில் ஒருவர் இருந்தார். தெருவுக்குப் பொதுவாக ஏதாவது செய்யலாம் என்று போனால் "எனக்கு எதுக்கு, என் காசுல நான் போர் போட்டுக்குறேன்" என்பார். போட்டார். மற்றவர்கள் போரை விட ஆழமாகப் போட்டார். அந்தக் கோடையில் எங்கள் வீட்டு அடிபம்ப் காற்றைத்தான் கக்கியது. அம்மா குடத்தோடு அவர் வீட்டு வாசலில் நின்றாள். கொடுத்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு அறிவுரையும் சேர்த்துக் கொடுத்தார். தண்ணீர் ஒருத்தர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர்க்காரர்கள் நாம். அந்தப் படத்தை அழுகை எமோஜியோடு ஷேர் செய்தவர்தான் அண்ணன்.

ஏழைகளுக்கு இந்த ஏற்றம் இடி, மறுக்கவில்லை. வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகை கேளுங்கள், எந்தக் குழாய்க்கு எவ்வளவு செலவானது என்று கணக்குக் கேளுங்கள், கமிஷனரைத் தோற்கடியுங்கள். இத்தனையும் செய்ய முடிவது அது நம்முடையதாக இருப்பதால். கம்பெனிக்கு எதிராக எந்தப் பூத்தில் போய் ஓட்டுப் போடுவீர்கள்?

"மேடத்துக்குச் சொந்த வேலை இல்லை போல" என்று எழுதியவருக்கு: இருக்கிறது. காலை ஆறு மணி ஷிஃப்ட். "கம்யூனிஸ்ட்" என்று எழுதியவருக்கு: நன்றி. அட்லாண்டா ஒப்பந்தத்துக்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் அந்தப் பட்டத்தைக் கொடுங்கள். பதில் இல்லாமல் பட்டம் மட்டும் கொடுக்கிறவர்களை பிளாக் செய்யப் போகிறேன். அண்ணனை மட்டும் செய்ய மாட்டேன், அவர் மனைவிதான் அந்தத் தயிர்சாதம் செய்தது.