மோஸ்தான் ஆடியின் அப்பா என்று படம் சொல்லவே இல்லை

'பேப்பர் மூன்' (1973) படம், பிரிந்த அப்பாவும் மகளும் சேரும் கதை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. மோஸாக நடித்த ரையன் ஓ'நீலும் சிறுமி ஆடியாக நடித்த டேட்டம் ஓ'நீலும் நிஜத்தில் அப்பா, மகள். அதிலிருந்து வந்த குழப்பம் இது என்று நினைக்கிறேன்.

கதையில் மோஸ், கணவனை இழந்த பெண்களிடம் பைபிள் விற்று ஏமாற்றுகிறவன். ஆடியின் அம்மாவின் சாவைக் காட்டி 200 டாலர் வாங்கிக்கொள்கிறான். அப்புறம் ஓட்டலில் உட்கார்ந்திருக்கும்போது ஆடி நேராகவே கேட்கிறாள், நீதான் என் அப்பாவா என்று. அவன் இல்லை என்கிறான். நம் இரண்டு பேருக்கும் ஒரே தாடை என்கிறாள். அதற்கும் மசியவில்லை. சரி, அப்படியானால் என் 200 டாலரைக் கொடு என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்துகிறாள். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

கடைசிக் காட்சியிலும் அவன் 'மகளே' என்று அணைத்துக்கொள்வதில்லை. இன்னும் 200 டாலர் பாக்கி என்று அவள் சொல்ல, வண்டி தானாக உருள, இருவரும் ஓடிப்போய் ஏறுகிறார்கள். அப்பாவா இல்லையா என்பதைக் கடைசிவரை திறந்தே விட்டிருக்கிறார் இயக்குநர் பாக்டனோவிச். தயவுசெய்து 'அப்பாவும் மகளும்' என்ற அந்த வரியைத் திருத்திவிடுங்கள், புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அந்தச் சந்தேகம் அப்படியே கிடைக்கட்டும்.