உக்ரைனில் 18 வயதுப் பையன்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கிறார்களா?

“உக்ரைன் கட்டாயப் படைசேர்ப்பு வயதை 18 ஆக்கிவிட்டது” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. 2024 ஏப்ரலில் அதிபர் ஜெலன்ஸ்கி கையெழுத்திட்ட சட்டம் அந்த வயதை 27-லிருந்து 25 ஆகத்தான் குறைத்தது. நாடாளுமன்றம் 2023-லேயே நிறைவேற்றிய மசோதா அது. ஏறத்தாழ ஓராண்டு கையெழுத்தாகாமல் கிடந்தது. ஆள் பற்றாக்குறை உண்மைதான். 18 ஆகக் குறைக்கச் சொல்லி அமெரிக்காவே வற்புறுத்தியது, உக்ரைன் அரசு இணங்கவில்லை.

குழப்பம் எங்கே? 2025 பிப்ரவரியில் 18 முதல் 24 வயதினருக்கு ஓராண்டு ஒப்பந்தம் அறிவித்தார்கள். ஊக்கத்தொகை 10 லட்சம் ஹ்ரிவ்னியா (உக்ரைன் நாணயம்). ஆசை காட்டுவது என்று வேண்டுமானால் சொல்லலாம், ஆனால் கட்டாயமில்லை. விரும்பியவர் சேரலாம். தவிர, 2025 ஆகஸ்டில் 18–22 வயது ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேறவும் அனுமதித்துவிட்டார்கள்.