குடியரசுத் தலைவர் விருதும் வடசென்னைப் பிள்ளைகளும்: சாரணர் பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பெற்றோர் சிலர் என்னிடம் வந்து, "சார், எங்க பையன் ஸ்கவுட்ல இருக்கான், பிரசிடென்ட் அவார்டு வாங்க என்ன பண்ணணும்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோரின் பிள்ளைகள் அப்போதுதான் பத்தாம் வகுப்புக்கு வந்திருப்பார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் இதே கேள்வி பிள்ளை ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது வந்திருந்தால், அந்தக் குடும்பத்துக்கும் எனக்கும் எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

ராயபுரம், வியாசர்பாடி, பெரம்பூர் வட்டாரத்துப் பிள்ளைகளோடு சாரண ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் கருத்து ஒன்றுதான். விருதைப் பிள்ளை தானாக உழைத்து வாங்க வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் அதற்கான நேரத்தையும் அனுமதியையும் துணையையும் தர வேண்டுமே தவிர, பிள்ளையின் வேலையைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்பதற்கு எளிதாகத் தெரியும் இந்தக் கொள்கையைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது இந்தப் பணியில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

முதலில் படிகளைச் சொல்லிவிடுகிறேன். பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பிள்ளை முதலில் பிரவேஷ் என்னும் நுழைவுப் படியை முடித்து, உறுதிமொழி எடுத்துக் கழுத்துத் துணி அணிகிறது. அதன்பின் பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான் என்று மூன்று படிகள். அதற்கு மேல் மாநில அளவில் ஆளுநர் பெயரால் வழங்கப்படும் ராஜ்ய புரஸ்கார். அதையும் தாண்டினால்தான் ராஷ்டிரபதி விருது, அதாவது குடியரசுத் தலைவர் விருது. ஒவ்வொரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் இத்தனை மாதம் பணியாற்றியிருக்க வேண்டும் என்ற விதி உண்டு. பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த மாதங்களைத் தாண்டிக் குதிக்க முடியாது. வயது வரம்போ மறுபக்கத்திலிருந்து நெருங்கிக்கொண்டே இருக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நம் ஊரில் பொதுத்தேர்வு வந்து நிற்கிறது. பத்தாம் வகுப்பின் இரண்டாம் பாதியில் எந்தப் பெற்றோரும் பிள்ளையை முகாமுக்கு அனுப்பமாட்டார்கள்; நானும் அனுப்பச் சொல்லமாட்டேன். பிளஸ் டூவிலும் அப்படித்தான். ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் ராஜ்ய புரஸ்கார் தேர்வு முகாமுக்குப் பிள்ளை தயாராகியிருந்தால், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையும் பதினொன்றாம் வகுப்பின் தொடக்கமும் அடுத்த படிக்குக் கிடைக்கும். அதற்கு ஆறாம் வகுப்பிலோ, தள்ளிப்போனால் ஏழாம் வகுப்பின் தொடக்கத்திலோ பிரவேஷ் முடிந்திருக்க வேண்டும். இந்த எளிய கணக்கை முதல் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது சாரண ஆசிரியரின் கடமை என்று நான் நம்புகிறேன். சொல்லாமல் விட்டுவிட்டு, பின்னர் பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று கை விரிப்பது நேர்மையாகாது.

இனி லாக் புக், அதாவது பிள்ளையின் செயல்பாட்டுக் குறிப்பேடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் பெரும்பாலான குடும்பங்கள் வழி தவறுவது இங்கேதான். நடைபயணம், முகாம், சேவை, திறன் சின்னங்கள் என எல்லாவற்றுக்கும் பிள்ளை குறிப்பு எழுதிவைக்க வேண்டும். நடைமுறையில் நடப்பது வேறு. அக்கா எழுதுகிறார், அம்மா எழுதுகிறார், அப்பா அலுவலகத்தில் தட்டச்சு செய்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொண்டுவருகிறார். சில இடங்களில் முந்தைய ஆண்டு மாணவரின் லாக் புக்கையே தேதி மட்டும் மாற்றி நகலெடுத்துவிடுகிறார்கள். அன்பால்தான் செய்கிறார்கள், நாலு பேருக்கு முன்னால் பிள்ளை குறைந்துவிடக் கூடாது என்ற பதற்றத்தால்தான் செய்கிறார்கள். ஆனால் தேர்வு முகாமில் எதிரே அமர்ந்திருப்பவர் அழகான எழுத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை. பக்கத்தைப் புரட்டி, "இந்த நடைபயணத்தில் மதியம் என்ன சமைத்தீர்கள்? அடுப்பை எந்தப் பக்கம் பார்த்து வைத்தீர்கள்? ஏன்?" என்று கேட்பார். காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்பது போய்வந்த பிள்ளைக்குத்தான் தெரியும், அந்தப் புகை அதன் கண்ணில்தானே பட்டது.

ஒருமுறை கொருக்குப்பேட்டையைச் சேர்ந்த மாணவி ஒருவர் கொண்டுவந்த லாக் புக்கை நான் இன்றும் மற்ற பிள்ளைகளுக்கு உதாரணமாகச் சொல்வதுண்டு. நாற்பது பக்க நோட்டு, நீல மை, அடித்துத் திருத்திய வரிகள். ஒரு பக்கத்தில் சோறு குழைந்துவிட்டது என்று எழுதி, அதற்குக் கீழே, தண்ணீரை அளக்காமல் ஊற்றியதால் வந்தது, அடுத்த முறை டம்ளரால் அளக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். ஒரு மூலையில் மஞ்சள் கறைகூட இருந்தது. அட்டை கிழிந்திருக்கிறதே, வேறு நோட்டில் அழகாக எழுதித் தரட்டுமா என்று அவருடைய தாயார் கேட்டபோது, இதில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். குழைந்த சோற்றைப் பற்றி எழுதத் தெரிந்த பிள்ளைக்கு எந்தத் தேர்வாளரிடமும் பயப்படத் தேவையில்லை.

பெற்றோர் உதவவே கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாக உதவலாம். மாலையில் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லச் சொல்ல அதற்கே எழுத வரும். தேதிகள் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, சான்றிதழில் உள்ள பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் பள்ளிப் பதிவேட்டோடும் ஆதாரோடும் ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொரு படியிலும் சரிபாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், மற்றொன்றில் அப்பாவின் முழுப்பெயர் பின்னால் என்று இருந்து, கடைசி நேரத்தில் விண்ணப்பத்தோடு அலைந்த குடும்பங்கள் பல. அது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை, அதைச் செய்துகொடுங்கள்.

திறன்களைப் பொறுத்தவரை வடசென்னைப் பிள்ளைகளுக்கு யாரும் இரக்கம் காட்டத் தேவையில்லை. காசிமேட்டிலிருந்து வரும் பையன்களுக்கு முடிச்சு சொல்லிக்கொடுக்கும்போது நான் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருப்பேன். போலைன், க்ளோவ் ஹிட்ச், ஷீட் பெண்ட் என்ற பெயர்கள் அவர்களுக்குப் புதியவை. ஆனால் வலையிலும் படகிலும் அப்பாவோடு வேலை செய்த கைக்கு அந்த முடிச்சுகள் புதியவை அல்ல. ஒரு பையன் கயிற்றைத் தன் முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டு, பார்க்காமலே போலைன் போட்டு, இழுத்துக் காட்டிவிட்டு, "இது இறுகாது சார், இடுப்புல கட்டி இழுத்தாலும் மூச்சு முட்டாது" என்றான். பாடநூல் சொல்லும் அதே காரணம்தான். தண்ணீரில் விழுந்தவரைத் தூக்குவதற்கு அந்த முடிச்சைச் சொல்வதே அதற்காகத்தான். அன்று அவனையே மற்ற அணிகளுக்குக் கற்றுத்தரச் சொன்னேன். இத்தகைய பிள்ளையிடம், உன் வீட்டுத் தொழிலில் நீ கற்றதும் சாரணக் கல்விதான் என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். பெரிய கட்டணம் வாங்கும் பள்ளிகளின் பிள்ளைகளுக்கே இந்த விருது என்ற எண்ணம் நம் பகுதியில் ஆழமாக இருக்கிறது. ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கான சாரணர் அணிகளில் இந்தியச் சிறுவர்களைச் சேர்க்காத காலத்தில், 1916-இல், அவர்களுக்கெனத் தனியாக ஒரு சாரணர் சங்கத்தை அன்னி பெசன்ட் தொடங்கியது இதே சென்னையில்தான். ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இந்த நகரம் ஒரு காலத்தில் செய்ததை நினைத்தால், அந்த எண்ணம் எனக்கு வருத்தமளிக்கிறது.

சேவைப் பணியிலும் இதே அக்கறை வேண்டும். பதாகை பிடித்து, மரக்கன்று வைத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டால் சேவை முடிந்தது என்று ஆகிவிட்டது. நம் பகுதியில் பிள்ளைகள் கண்டுபிடித்துச் செய்வதற்கு உண்மையான வேலைகள் நிறையவே இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையின் தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர்களின் படகும் வலையும் பாழாயின. அதற்குப் பின் ஒரு மாணவன், தன் தெருவில் வயிற்றுப்போக்கு வந்த வீடுகளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் தயாரிக்கக் கற்றுத்தரலாமா என்று கேட்டான். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து என்பதால், ஒவ்வொரு வீட்டிலும் அங்கிருக்கும் கரண்டியையே எடுத்து அளந்து காட்ட வேண்டும் என்று அவனே முடிவுசெய்தான். மூன்று சிறுவர்களைப் பழக்கி, வீடுகளைப் பிரித்துக்கொடுத்து, எந்த வீட்டில் பாட்டி தனியாக இருக்கிறார் என்று குறித்துவைத்து மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். ஒரே ஒரு புகைப்படம்கூட எடுக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. பதிவுக்காகப் பின்னர் நான்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் சாரணர்களின் மிக உயர்ந்த நிலை ஈகிள் ஸ்கவுட். 1912 முதல் வழங்கப்பட்டுவரும் அதற்கு 21 திறன் சின்னங்கள் வேண்டும், எல்லாவற்றையும் 18 வயதுக்குள் முடிக்க வேண்டும். அதற்கும் மேலாக ஒரு சேவைத் திட்டத்தைப் பிள்ளை தானே வகுத்து, பிறரைத் தலைமையேற்று நடத்த வேண்டும். அப்பா வந்து மரப்பலகை அறுத்துக் கொடுக்கலாம். ஆனால் எதை, எத்தனை அங்குலம் அறுக்க வேண்டும் என்று சொல்வது பிள்ளையாக இருக்க வேண்டும். விதிகள் நாட்டுக்கு நாடு மாறினாலும், தலைமை பிள்ளையிடம் இருக்க வேண்டும் என்ற இந்த ஓர் அம்சத்தை நம் சாரண ஆசிரியர்கள் இன்னும் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

பெரம்பூர், அயனாவரம் பக்கத்துக் குடும்பங்கள் எப்போதும் கேட்கும் இன்னொரு கேள்வி, ரயில்வே வேலை. சாரணர் ஒதுக்கீட்டில் ரயில்வே ஆள் எடுப்பது உண்மைதான். அதற்கு ராஷ்டிரபதி விருதோ சாரணப் பொறுப்பாளர்களுக்கான உயர் பயிற்சித் தகுதியான இமாலய வுட் பேட்ஜோ இருக்க வேண்டும். ஐந்தாண்டுகளாவது இயக்கத்தில் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். தேசிய, மாநில அளவிலான நிகழ்வுகளில் பங்கேற்றிருக்க வேண்டும். கல்வித் தகுதியும் எழுத்துத் தேர்வும் தனி. இடங்களோ மிகக் குறைவு. வேலைக்காகக் கேட்பது இழிவு என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் ஒருவர் சம்பளத்தை நம்பி நால்வர் இருக்கும்போது அதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் அதை மட்டுமே நம்பிப் பிள்ளையை உந்தினால், விருது கிடைத்து வேலை கிடைக்காதபோது அந்த ஆண்டுகள் அனைத்தும் வீண் என்று பிள்ளை நினைத்துவிடும். வேலை ஒரு வாய்ப்பு, உறுதியல்ல என்பதைத் தொடக்கத்திலேயே வீட்டில் தெளிவாகப் பேசிவிடுங்கள்.

பெண்பிள்ளைகளைப் பெற்ற அப்பாக்களிடம் ஒரு வேண்டுகோள். திரிதிய சோபான் வரை நன்றாக வந்த சாரணியர், வெளியூர் முகாம் என்றதும் நின்றுவிடுவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். தயக்கத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. மறுப்பதற்கு முன் கேளுங்கள்: உடன் வரும் பெண் பொறுப்பாளர் யார், எத்தனை பேருக்கு ஒருவர், எங்கே தங்குகிறார்கள், கழிப்பறை எப்படி, இரவில் யார் பொறுப்பு, எந்த எண்ணில் பேசலாம். இவற்றுக்குப் பதில் சொல்லமுடியாத பொறுப்பாளரோடு அனுப்பாதீர்கள். பதில் சொன்னால் அனுப்புங்கள். 2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் நடந்த நம் இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணிக்கு, அதாவது ஜம்போரி என்னும் பெரும் முகாமுக்கு, இந்தியா முழுவதிலிருந்தும் பெண்பிள்ளைகள் வந்து கூடாரத்தில் தங்கிச் சென்றார்கள். திருவொற்றியூர்ப் பெண்ணுக்கு மட்டும் ஏன் அந்த வாய்ப்பு மறுக்கப்பட வேண்டும்?

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீருடை, காலணி, முகாம் பயணம் என்று பணம் தேவைப்படத்தான் செய்யும். வளர்ந்த பிள்ளைகளின் சீருடையைத் துவைத்துத் தேய்த்து அடுத்தவருக்குக் கொடுக்கும் வழக்கத்தைக் குழுவிலேயே வைத்துக்கொள்ளலாம். இதைக் காரணமாகச் சொல்ல வெட்கப்பட்டு, ஆர்வமில்லை என்று சொல்லி விலகும் பிள்ளைகளை ஆசிரியர்கள் அடையாளம் காண வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் வயதோ தேர்வோ குறுக்கிட்டு, ராஜ்ய புரஸ்காரோடு நின்றுவிட்ட பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் மனம் தளர வேண்டியதில்லை. கல்லூரி வயதில் திரி சாரணராக, அதாவது ரோவராக, பெண்கள் ரேஞ்சராகச் சேர்ந்து, 25 வயது வரை இயக்கத்தில் தொடரலாம்; அந்தப் பிரிவிலும் ராஷ்டிரபதி விருது உண்டு. ஆகவே கல்லூரிச் சேர்க்கைக்குப் போகும்போது ரோவர், ரேஞ்சர் குழு அங்கே இயங்குகிறதா என்று விசாரியுங்கள். பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே சாரணச் சான்றிதழ்களின் மூலப்படிகளையும் லாக் புக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.