லைப்ரரிகளையும் கிட்டுக்குள்ளேயே வையுங்கள்

நாம் எழுதும் நிரலோடு, அது நம்பியிருக்கும் லைப்ரரிகளையும் (பிறர் எழுதிய தயார் நிரல்கள்) கிட்டிலேயே (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி) போட்டு வையுங்கள் என்றால், கோலாலம்பூர் நண்பர்கள் உடனே "அதான் லாக் ஃபைல் இருக்கே" என்கிறார்கள். லாக் ஃபைலில் இருப்பது லைப்ரரியின் பெயர், பதிப்பு எண், சரிபார்க்க ஹாஷ் என்ற ஒரு கைரேகை. சரக்கு அதில் இல்லை. சரக்கு யாரோ ஒருவருடைய சர்வரில் இருக்கிறது.

2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை, பெயர்த் தகராறு ஒன்றில் அதை எழுதியவரே என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். பேபல் என்ற பிரபலக் கருவி உட்பட எத்தனையோ பில்ட்கள் (நிரலை இயங்கும் ஆப்பாகக் கட்டும் வேலை) நின்றுபோயின. சில மணி நேரத்தில் அது திரும்பி வந்தது, என்பிஎம்மும் விதிகளை இறுக்கியது. ஆனால் ஜாவா, ஆண்ட்ராய்டு லைப்ரரிகளின் கிடங்கான ஜேசென்டர்? ஒரு காலத்தில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் புது ப்ராஜெக்ட் திறந்தாலே அதுதான் இருக்கும். 2021 பிப்ரவரியில் அதை மூடப்போவதாக அதை நடத்திய ஜேஃப்ராக் நிறுவனம் அறிவித்தது. மேவன் சென்ட்ரல் என்ற இன்னொரு கிடங்குக்கு மாறாத பழைய லைப்ரரிகளை நம்பியிருந்த ஆப்கள் இன்று அப்படியே பில்ட் ஆகாது.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இது சம்பளப் பிரச்சினை. செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்) குலைக் கணக்குப் பதியும் ஆப்பை ஒருமுறை எழுதிக் கொடுத்தால் வருடக்கணக்கில் யாரும் தொடமாட்டார்கள். திடீரென்று, 2025 பிப்ரவரியில் நடந்ததுபோல, குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ஆகும். கிராணியார் (தோட்டக் கணக்கர்) போன் செய்வார். ஒரே ஒரு எண்ணை மாற்ற மொத்தத்தையும் பில்ட் செய்தாக வேண்டும். அது நின்றால், வெயிலில் குலை வெட்டியவரின் சம்பளக் கணக்கு நிற்கும். இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ரெப்போ (கிட்டில் உள்ள நம் ப்ராஜெக்ட் கிடங்கு) வீங்கும் என்பது உண்மைதான். ஜார் ஃபைலை (ஜாவா லைப்ரரியின் பொதி) மாற்ற மாற்றப் பழையதும் வரலாற்றில் தங்கிவிடும். அதற்கு, பெரிய ஃபைல்களைத் தனியே வைக்கும் கிட் எல்எஃப்எஸ் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் லைப்ரரிகள் இறங்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அப்படியே கொட்டாதீர்கள், அதில் சில பாகங்கள் இயங்குதளத்துக்கு ஏற்ப மாறும். அவற்றை இறக்கும் யார்ன் என்ற கருவியில், 2ஆம் பதிப்பு முதல் பேக்கேஜ்களை ஜிப்பாக வைக்கும் வசதி உண்டு. கோ மொழியில், லைப்ரரிகளை நகலெடுத்து வைக்கும் வெண்டர் கட்டளை ஒன்றே போதும்; ரஸ்ட் மொழியில் அந்தக் கட்டளை காட்டும் சில வரிகளையும் கான்ஃபிக் ஃபைலில் சேர்க்க வேண்டும்.

பாதுகாப்புத் திருத்தம் தானாக வராதே என்பார்கள். லாக் ஃபைல் வைத்தாலும் தானாக வராது, நாம்தான் உயர்த்த வேண்டும். மூலநிரலாக வைத்திருந்தால், உயர்த்தும்போது எந்த வரி மாறியது என்றாவது டிஃப்பில் (கிட் காட்டும் மாற்றப் பட்டியல்) கண்ணால் பார்க்கலாம்.

இன்னொன்று: பில்ட் செய்யும் கருவியான கிரேடிலைத் தொடங்கிவைக்கும் கிரேடில் ராப்பரை எல்லோரும் கிட்டில் போடுகிறோம், ஆனால் அது கிரேடிலையே இணையத்திலிருந்துதான் இறக்குகிறது. அதையும் ஜேடிகேயையும் (ஜாவா நிரலாக்கக் கருவித்தொகுப்பு), ஆண்ட்ராய்டு ஆப் என்றால் ஆண்ட்ராய்டு எஸ்டிகேயையும் தனி வட்டில் பத்திரப்படுத்துங்கள். வேறொரு கணினியில் அந்த வட்டிலிருந்து அவற்றை நிறுவி, ரெப்போவை குளோன் செய்து (முழுதாக நகலெடுத்து), வைஃபையை அணைத்துவிட்டு பில்ட் போட்டுப் பாருங்கள்.