டேவர்ன் சாப்பாடும் பின்கட்டு அடுப்படியும்

அமெரிக்காவுல வர்ஜீனியா பக்கம் டூர் போற நம்ம ஆளுங்க நிறைய பேர் என்கிட்ட கேக்கறாங்க, வில்லியம்ஸ்பர்க்ல மெழுகுவத்தி வெளிச்சத்துல, பழைய காலத்து டிரெஸ் போட்டவங்க பரிமாறுற அந்த டேவர்ன்ல (அந்தக் காலத்து சாப்பாட்டு விடுதி, தங்கவும் இடம் உண்டு) சாப்பிடறது குடுக்கற காசுக்கு ஒர்த்தானு. ஒர்த்துதான், கண்டிப்பா போங்க. ஆனா சாப்பாட்டை யார் சமைச்சாங்கனு தெரிஞ்சுக்காம மட்டும் எழுந்து வந்துடாதீங்க. இதைப் பத்தி கொஞ்சம் நீளமாவே எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு.

முதல்ல ஊரைப் பத்தி. 1699-லேர்ந்து 1780 வரைக்கும் வர்ஜீனியாவுக்கு வில்லியம்ஸ்பர்க்தான் தலைநகரம், அப்புறம் ரிச்மண்டுக்கு போயிடுச்சு, ஊரு அப்படியே தூங்கிடுச்சு. 1926-ல குட்வின்னு ஒரு பாதிரியார் எண்ணெய்க் கம்பெனி கோடீஸ்வரரோட மகன் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர்கிட்ட பேசி சம்மதிக்க வெச்சு, அவர் பணத்துல பழைய ஊரை திரும்ப கட்ட ஆரம்பிச்சாங்க. சில கட்டடம் அசல், சிலது அஸ்திவாரத்தை தோண்டிப் பாத்து அதே இடத்துல புதுசா எழுப்பினது. கிங்ஸ் ஆர்ம்ஸ் டேவர்ன் அந்த ரெண்டாவது வகை. நாங்க சாப்பிட்டது அங்கதான்.

உள்ள போனா தாழ்வான வெளிச்சம், சின்னச் சின்ன ரூம், கழுத்துல கட்டிக்கற அளவுக்கு பெரிய நாப்கின், நடுவுல ஒருத்தர் பாட்டு பாடிட்டு டேபிள் டேபிளா வர்றார், என் பொண்ணு வாயைத் திறந்து பாத்துட்டே இருந்தா. எங்களுக்கு பரிமாறின அம்மா கேட்ட எல்லாத்துக்கும் பொறுமையா பதில் சொன்னாங்க. அந்தக் காலத்துல முக்கியமான சாப்பாடே மத்தியானம் ரெண்டு மூணு மணிக்குத்தான், கோர்ட் நடக்கற மாசங்கள்ல ஊர் ஜனத்தொகை எக்கச்சக்கமா ஏறிடும், முன்ன பின்ன தெரியாத ஆளுங்க ஒரே கட்டில்ல படுத்துக்குவாங்க, டேவர்ன்ல என்ன விலைக்கு விக்கணும்னு கவுண்ட்டி கோர்ட்டே ரேட் போட்டுடும்னு எல்லாம் சாப்பிட்டுட்டே பேசிக்கிட்டோம். மியூசியத்துல கண்ணாடிக்கு பின்னாடி இதையெல்லாம் படிச்சிருந்தா பத்து நிமிஷத்துல மறந்திருப்பேன். இங்க அப்படி இல்ல, நாக்கு வழியா உள்ள போகுது.

அந்த ஊர் டேவர்ன்னாலே எல்லாரும் சொல்றது வேர்க்கடலை சூப். தயவுசெஞ்சு அதை விட்டுடாதீங்க (சைவக்காரங்க மட்டும் கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க, பழைய முறையில சிக்கன் ஸ்டாக் சேர்ப்பாங்க). நம்ம வேர்க்கடலைச் சட்னியை தாளிக்காம, காரம் இல்லாம, வெண்ணெயும் க்ரீமும் விட்டு சூடா கிண்ணத்துல ஊத்திக் குடுத்த மாதிரி இருக்கும். ஒரு வாய் வெச்சதுமே எனக்கு ஒண்ணு உறைச்சது, இது இங்கிலீஷ்காரன் சமையலே இல்லையே! வேர்க்கடலை பொறந்த இடம் தென் அமெரிக்கா. போர்ச்சுகீசியர் கப்பல்ல அது ஆப்பிரிக்காவுக்குப் போச்சு, மேற்கு ஆப்பிரிக்காவுல இன்னிக்கும் மாஃபேனு கடலைக் குழம்பு வெக்கறாங்க. அங்கேர்ந்து அடிமைக் கப்பல்களோட வர்ஜீனியா வந்து சேர்ந்துச்சு. அதாவது அந்த கிண்ணத்துல இருக்கற ருசிக்கு சொந்தக்காரங்க முன்ஹால்ல உக்காந்து சாப்பிட்ட துரைமாருங்க இல்ல, பின்கட்டுல தனியா இருந்த அடுப்படியில, விறகு அடுப்புக்கு முன்னாடி நாள் பூரா வெந்துக்கிட்டு நின்னவங்க.

இப்ப கிங்ஸ் ஆர்ம்ஸ் கதைக்கு வர்றேன். 1772-ல அதை ஆரம்பிச்சது ஜேன் வோப்னு ஒரு பெண்மணி. அந்தக் காலத்துல ஒரு பொம்பளை தனியா நின்னு தலைநகரத்துல தொழில் பண்ணி பெரிய மனுஷங்களுக்கு சோறு போட்டாங்கன்றது பெரிய விஷயம், நான் மறுக்கல. ஆனா அதே வோப் அம்மாவுக்கு அடிமையா இருந்தவர் கோவன் பாம்ஃப்லெட். டேவர்ன்ல வேலை செஞ்சுக்கிட்டே எழுதப் படிக்கத் தெரிஞ்சவரா வளர்ந்து, பாப்டிஸ்ட்ன்ற கிறிஸ்தவப் பிரிவுல பிரசங்கியா ஆனார். கறுப்பின மக்கள் கூட்டமா கூடினாலே சாட்டையடி விழக்கூடிய ஊர்ல, 1776-ல உருவான ஒரு சபையை வழிநடத்தினார், 1793-ல விடுதலையானார், அதே வருஷம் அவரோட சபையை வெள்ளைக்காரங்க நடத்தின பாப்டிஸ்ட் சங்கமே சேர்த்துக்கிச்சு. அந்த சபைக்கு அப்ப ஏறக்குறைய 500 பேர். எனக்கு அந்த டேவர்ன்ல முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் வந்து போனதை விட இந்த ஆள் தட்டு தூக்கினார்ன்றதுதான் பெருசா படுது.

அமெரிக்கப் புரட்சி வர்ற சமயத்துல வில்லியம்ஸ்பர்க்ல பாதிக்கு மேல கறுப்பின மக்கள். எதிர்லயே ராலே டேவர்ன்னு ஒண்ணு இருக்கு, இங்கிலாந்து ராஜாவோட கவர்னர் சட்டசபையை கலைச்சப்போ, 1769-லயும் 1774-லயும் உறுப்பினருங்க அங்க போய் உக்காந்துதான் இங்கிலாந்தை எதிர்த்து தீர்மானம் போட்டாங்க. அதே டேவர்ன் வாசல்லதான் மனுஷங்களை ஏலம் விட்டாங்க. உள்ள சுதந்திரப் பேச்சு, வெளிய ஏலம், நடுவுல ஒரு கதவு. இதை தெரிஞ்சுக்கிட்ட பிறகு அந்தத் தெருவுல சும்மா போட்டோ எடுத்துட்டு நடக்க என்னால முடியல.

எங்க குடும்பத்துலயே இதுக்கு எதிர்க்கருத்து உண்டு. "ஏன் மாப்ள, சாப்பிடற இடத்துலயுமா இந்த சோகத்தை இழுக்கணும், புள்ளைங்க ஜாலியா இருக்க வந்திருக்காங்க"னு என் மச்சான் கேட்டார். அவர் கேக்கறது நியாயமில்லனு சொல்ல மாட்டேன். ஆனா எட்டு வயசு புள்ளைக்கு வாஷிங்டன் கதை புரியும்னா கோவன் பாம்ஃப்லெட் கதையும் புரியும், என் பொண்ணு அவரைப் பத்தி கேட்ட கேள்விங்கதான் ஜாஸ்தி. இன்னொரு பக்கம், அடிமை முறையை அலங்காரம் பண்ணி விக்கற இடத்துக்கு போகவே கூடாதுன்ற நண்பர்களும் இருக்காங்க. அதையும் நான் ஏத்துக்கல. 1994-ல இதே ஊர்ல, வெதர்பர்ன்ஸ் டேவர்ன் படிக்கட்டுல அடிமை ஏலத்தை நடிச்சுக் காட்டினாங்க. அதை முன்னெடுத்தது அங்க வேலை செஞ்ச கறுப்பினக் கலைஞர்களேதான். பயங்கர எதிர்ப்பு, மனித உரிமை அமைப்புங்க வந்து கோஷம் போட்டாங்க, ஆனா எதிர்க்க வந்தவங்கள்லயே ஒருத்தர் முழுசா பாத்து முடிச்சதும் மனசு மாறிட்டேன்னு சொன்னார். மறைச்சு வெக்கறதை விட காட்டறதுதான் மரியாதைனு நான் நம்பறேன்.

மறைச்சா எப்படி இருக்கும்னும் பாத்திருக்கேன். வடக்குப் பக்கம் வேற ஒரு ஊர்ல இதே மாதிரி காலனி கால தீம் ரெஸ்டாரண்ட், பேர் வேண்டாம். மெனு கார்டு பின்பக்கம் முழுக்க எந்தத் தலைவர் எந்த மூலையில உக்காந்து என்ன குடிச்சார்னு இருக்கு, சமைச்சவங்க பத்தி ஒரு வரி இல்ல. பரிமாறின பையனை கேட்டேன், அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, பாவம். வடக்கே அடிமை முறையே இல்லாத மாதிரி ஒரு நெனப்பு இருக்கு, நியூயார்க்ல அது முழுசா ஒழிஞ்சதே 1827-லதான். சாப்பாடு நல்லாவே இருந்துச்சு, ஆனா எனக்கு ஏதோ நாடக செட்டுக்குள்ள உக்காந்து சாப்பிட்ட மாதிரிதான் இருந்துச்சு.

நமக்கு இதுல என்ன சம்பந்தம்னு கேக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். அந்த அடுப்படியில இருந்த மிளகு நம்ம மண்ணுல பொறந்த பண்டம். 1747-ல லண்டன்ல ஹன்னா கிளாஸ் எழுதின சமையல் புத்தகத்துல மிளகும் வறுத்த கொத்தமல்லி விதையும் போட்டு இந்திய முறையில 'கறி'னு (curry) ஒரு கோழிக் குழம்பு இருக்கு, 1824-ல மேரி ராண்டால்ஃப் எழுதின வர்ஜீனியா சமையல் புத்தகத்துலயும் அந்த 'கறி' குழம்பு இருக்கு. பண்டம் மட்டும் போகல, ஆளுங்களும் போயிருக்காங்க. 1635-லயே வர்ஜீனியா நிலப் பதிவுல டோனினு ஒரு 'ஈஸ்ட் இண்டியன்' (கீழை நாட்டு ஆள்) பேர் இருக்கு. 1776-ல வர்ஜீனியா கெஸட் பேப்பர்ல ஓடிப்போன வேலைக்காரனை பிடிச்சுத் தரச் சொல்லி ஒரு விளம்பரம், அந்தப் பையன் பேர் ஜான் நியூட்டன், வயசு சுமார் 20, பிறப்பால இந்தியாக்காரன், இங்கிலாந்துல பத்து வருஷம் இருந்துட்டு இங்க வந்து ஒரு வருஷம்தான் ஆச்சுனு போட்டிருக்கு. அவன் அப்பா அம்மா வெச்ச பேர் என்னவா இருந்திருக்கும்? எந்த ஊரு? இதை படிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

அதனால போறவங்க முன்கூட்டியே ரிசர்வேஷன் பண்ணிடுங்க, சீசன்ல இடம் கிடைக்கறது கஷ்டம். சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஒதுக்கி நாசாவ் ஸ்ட்ரீட் பக்கம் நடந்துட்டு வாங்க. கோவன் பாம்ஃப்லெட்டோட சபை அங்கதான் கூடிச்சு. 1950-கள்ல அந்த சர்ச் கட்டடத்தை வாங்கி இடிச்சு, அப்புறம் அது மேல பார்க்கிங் லாட் போட்டாங்க, 2020-லதான் தோண்ட ஆரம்பிச்சு முதல் கட்டடத்தோட அஸ்திவாரத்தையும் கல்லறைகளையும் கண்டுபிடிச்சாங்க. அதைப் பாத்துட்டு வந்து டேபிள்ல உக்காருங்க, சூப் சொல்லுங்க, பரிமாற வர்றவங்ககிட்ட ஜேன் வோப் வீட்டு அடுப்படியில யாரெல்லாம் இருந்தாங்கனு கேளுங்க.